ஆக்னஸ்ட பிள்ளைகள் கிடைச்ச கதை

ஆக்னஸ் செத்துப்போனா எண்ட செய்தி எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபை முடிஞ்சு வீட்ட வந்து சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். குவைத்தில ஆக்னஸும் நானும் வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில வேலைக்கு நிக்கிற ஒரு பிள்ளை, போனில குரல் பதிஞ்சு அனுப்பியிருந்தா. காய்ச்சல் எண்டு படுத்தவவாம். ஒரு கிழமைக்குள்ள முடிஞ்சிட்டுதாம். அங்கயே அடக்கம் செய்திட்டினமாம். செய்தி அவ்வளவுதான்.

நான் பானையை அப்படியே வைச்சிட்டுக் குசினி நிலத்தில இருந்திட்டன். என்ட மனுசன் ரவி உள்ள வந்து, "என்ன சாந்தி, ஆருக்கு என்ன?" எண்டு கேட்டார். எனக்கு வாயில வந்தது ஒண்டுதான்.

"அந்த மூண்டு பிள்ளைகளும் இனி எங்க போகும்?"

சகோதரங்களே, இண்டைக்கு இதை அழாமச் சொல்லி முடிச்சிடுவன் எண்டு நினைக்கிறன். ஏனெண்டா முடிவு இப்ப எனக்குத் தெரியும். நெஞ்சில கிடந்த கல்லை ஆண்டவர் எடுத்துப்போட்டார். ஆனா அண்டைக்கு, அந்தக் குசினி நிலத்தில இருந்த எனக்கு ஒண்டும் தெரியாது.

ஆக்னஸ் ஆர் எண்டு முதல்ல சொல்லவேணும்.

நாட்டில சனம் பெற்றோலுக்கு வரிசையில நிண்ட வருசம் நான் குவைத்துக்குப் போனனான். ரவி நிலாவெளியில வள்ளத்தில தொழிலுக்குப் போறவர். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாம வள்ளம் மாசக்கணக்கில கரையில கிடந்தது. மகள் அபி அப்ப சின்னன். அவவைச் சித்தியிட்ட விட்டிட்டுப் போனனான். எனக்கு அம்மா அப்பா இல்லை. கடல் ஊருக்குள்ள வந்த அந்த டிசம்பரில இரண்டு பேரும் போயிட்டினம். என்னை வளர்த்ததும் அந்தச் சித்திதான்.

அங்க எனக்குச் சமையல் வேலை. வீட்டுக்கார அம்மாட தாய் நடக்க ஏலாத வயசாளி. அவவைப் பார்க்கிற வேலை ஆக்னஸுக்கு. கென்யா நாட்டுப் பொம்பிளை. நல்ல உயரம். சிரிச்சா அடுத்த அறைக்குக் கேட்கும். எங்கள் இரண்டு பேருக்கும் குசினிக்குப் பின்னால ஒரே அறை. இரண்டு மெத்தை விரிச்சா கால் வைக்க இடமில்லை.

அவவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவட சுவாஹிலி தெரியாது. இங்கிலீசும் எனக்கு அரைகுறை. வீட்டுக்காரரிட்ட ஏச்சு வாங்கி வாங்கிப் படிச்ச அரபியிலதான் இரண்டு பேரும் கதைச்சம். அதில என்ன கதைக்கிறது எண்டு நினைப்பீங்கள். எல்லாம் கதைச்சம். அவட புருசன் கடலில மூழ்கிப்போன கதை, எங்கட வள்ளம் கிடக்கிற கதை, பிள்ளைகள் என்ன சாப்பிடுதுகள், எதுக்குப் பயப்பிடுதுகள், எல்லாம்.

படுக்கப்போகேக்க அவ தன்ட பாசையில செபிப்பா. நான் என்ட பாசையில செபிப்பன். கேட்டுக் கேட்டு அவட சில சொல்லு எனக்கு வாய்ப்பாடம் ஆயிட்டுது. ஒவ்வொரு நாளும் முடிக்கேக்க "முங்கு வங்கு, உசினியாச்சே" எண்டு முடிப்பா. என்ட தேவனே, என்னை விட்டிடாதேயும் எண்டு அர்த்தமாம். எனக்குத் தலையிடி, காய்ச்சல் எண்டா "போலே சானா" எண்டு சொல்லித் தலையைத் தடவுவா. உன்ட வருத்தம் எனக்கும்தான் எண்ட மாதிரி ஒரு சொல்லு அது.

அவவுக்கு மூண்டு பிள்ளைகள். மூத்தவ நேமா. நடுவில பொடியன் பராக்கா. கடைசி சவாடி, கைக்குழந்தையா இருக்கேக்க விட்டிட்டு வந்தவ. நேமா எண்டா கிருபை, பராக்கா எண்டா ஆசீர்வாதம், சவாடி எண்டா பரிசு. மூண்டும் அவட அக்காட வீட்டில வளருதுகள். ஊர் மொம்பாசாத் துறைமுகத்துக்கு வடக்கால, கிலிபி எண்ட பக்கம். ஒரு படம் வைச்சிருந்தா. பெரிய மரம் ஒண்டு. மன்னாரில நிக்கிற பெருக்கமரம் மாதிரி அடி பருத்த மரம். அதுக்குக் கீழ மூண்டு பிள்ளைகளும். பின்னால வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமா ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். தங்கட ஊருக்குப் போக ஒரு நீளப் பாலம் கடக்கவேணும் எண்டு சொல்லுவா. நான் எங்கட கிண்ணியாப் பாலத்தைப் பற்றிச் சொல்லுவன். அப்பிடித்தான் எங்கட பொழுது போனது.

இரண்டாம் வருசம் எனக்கு வயித்தில நோ வந்தது. முதல் நாள் தாங்கிக்கொண்டு சமைச்சன். அடுத்த நாள் நிமிர ஏலேல்லை. வேலைக்குக் கள்ளம் அடிக்கிறன் எண்டு வீட்டுக்கார அம்மா நினைச்சா. பனடோல் தந்திட்டுப் போயிட்டா. ஆக்னஸ் என்ட வயித்தைத் தொட்டுப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய், வீட்டு வாசலுக்குக் குறுக்கால நிலத்தில இருந்திட்டா. இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரைக்கும் நான் வயசாளியைத் தூக்கமாட்டன், குளிப்பாட்டமாட்டன், என்னை அனுப்பிறதெண்டா அனுப்புங்கோ எண்டு சொல்லிப்போட்டா. மூண்டு பிள்ளைக்கு உழைக்க வந்த மனுசி. அந்த வேலை போனா அவவுக்கு ஒண்டுமில்லை. எண்டாலும் எழும்பேல்லை.

கடைசியில வீட்டுக்காரர்ட மகன் காரை எடுத்தார். குடல்வால் வெடிச்சிட்டுது. இன்னும் பிந்தியிருந்தா நீ இல்லை எண்டு டொக்டர் சொன்னார். நான் கண் முழிச்சுத் திரும்பி வரேக்க ஆக்னஸ்ட போனைப் பறிச்சு வைச்சிருந்தினம். அதுதான் அவவுக்குத் தண்டனை. மாசக்கணக்கா அவ தன்ட பிள்ளைகளோட கதைக்கேல்லை. என்னால வந்த வினை. ஒரு நாள் கூட அவ அதைச் சொல்லிக் காட்டேல்லை.

ஒப்பந்தம் முடிஞ்சு நான் ஊருக்கு வெளிக்கிட்ட நாள் ஆக்னஸ் என்ட இரண்டு கையையும் பிடிச்சா.

"ஷாந்தி, உன்ட மகளுக்குச் செபிக்கேக்க என்ட மூண்டையும் சேர்த்துச் சொல்லு."

"ஓம்" எண்டன். தமிழிலதான் சொன்னனான். அவவுக்கு விளங்கினது.

ஆக்னஸ் போன பிறகு நான், அவ முந்தித் தந்திருந்த அவட அக்காட இலக்கத்துக்குப் போன் எடுத்தன். அந்தப் போன் வேலை செய்யேல்லை. அடுத்த நாளும் எடுத்தன். எத்தினை நாள் எடுத்தன் எண்டு எனக்கே தெரியாது. எங்கட பாஸ்டர்ட மனுசி இங்கிலீஸ் ரீச்சர் எண்டு உங்களுக்குத் தெரியும். அவ என்னோட இருந்து, மொம்பாசாப் பக்கத்துச் சபைகளுக்கு இன்டர்நெற்றில தேடித் தேடி எழுதினா. ஒண்டிரண்டு பேர், செபிக்கிறம் எண்டு பதில் போட்டினம். பிள்ளைகளைத் தெரியும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. ஆக்னஸ்ட முழுப்பேர் கூட எனக்குச் சரியாத் தெரியாது. ஒரே அறையில இரண்டு வருசம் படுத்தனாங்கள். பேப்பரில அவட பேர் என்னெண்டு நான் கேட்டதில்லை.

ஊரில கொஞ்சச் சனம் கேட்டுது. இஞ்ச அனாதைப் பிள்ளைகள் இல்லையா, மூதூரில இல்லையா, சம்பூரில இல்லையா, ஏன் உனக்கு ஆபிரிக்கா எண்டு. நியாயமான கேள்விதான். இஞ்ச இருக்கிற பிள்ளைகளுக்கும் செய்யத்தான் வேணும். ஆனா அந்த மூண்டுட தாய் வாசலில குறுக்கால இருந்தபடியால்தான் என்ட பிள்ளைக்குத் தாய் இருக்கிறா. அந்தப் பிள்ளைகளை நான் எப்பிடி வேற ஆக்கள் எண்டு நினைக்கிறது?

அம்மா போன காலம் எனக்கு ஞாபகம் இருக்கு. முகாமில படுத்திருக்கேக்க, என்னைத் தேடி ஆரும் வருவினமா எண்டுதான் ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தனான். சித்தி வந்தா. எனக்கு ஒரு சித்தி வந்தா. அதுகளுக்கு ஆர் வருவினம்? இந்த நினைப்பு வந்தா எனக்குச் சோறு இறங்காது.

மாரி போச்சுது. தவக்காலம் வந்தது. நான் உபவாசம் இருந்தன். ஒரு நாள் செபத்தில கோவமே வந்திட்டுது. ஆண்டவரே, எனக்குப் பிளேன் ஏறிப் போய்த் தேட வசதியில்லை, பாசை தெரியாது, ஊர் தெரியாது, உமக்கு எல்லாம் தெரியும், அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடம் உமக்குத் தெரியும்தானே, எனக்கு ஒரு செய்தி மட்டும் தாரும், உயிரோட இருக்குதுகள் எண்டு ஒரு செய்தி மட்டும் எண்டு கேட்டன். வேற ஒண்டும் கேட்கேல்லை. வேற கேட்க எனக்கு விசுவாசம் காணாது.

நான் அப்ப எங்கட ஆஸ்பத்திரியில துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தனான். கிண்ணியாவில இருந்து வாற பசீலாவும் நானும் ஒரே குழு. சித்திரை வருசம் கழிஞ்ச பிறகு ஒரு காலமை, ஆம்பிளையளின்ட சத்திரசிகிச்சை வார்ட்டை நாங்கள் இரண்டு பேரும் கழுவிக்கொண்டு போறம். கடைசிக் கட்டிலில ஒரு கறுத்த மனுசன். சீனக்குடா மா அரைக்கிற ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில வேலை செய்தவர். கப்பலுக்குள்ள ஏணியால விழுந்து தொடையெலும்பு முறிஞ்சு, ஒப்பிரேசன் செய்து, காலுக்குக் கம்பி வைச்சிருந்தினம். சாமான் இறக்கி முடிஞ்சு கப்பல் அவரை விட்டிட்டுப் போயிட்டுது. டொக்டர்மார், நேர்ஸ்மார் எல்லாரும் அவரோட நல்ல இங்கிலீசில கதைப்பினம், நல்லாப் பார்ப்பினம். ஆனா பார்க்க வர ஒருத்தரும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பார்.

அண்டைக்கு அவருக்குச் சரியான நோ. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ள ஏதோ சொன்னார். நான் கட்டிலுக்குக் கீழ துடைச்சுக்கொண்டிருக்கிறன்.

"முங்கு வங்கு, உசினியாச்சே."

எனக்குக் கை நிண்டுபோச்சுது. ஆக்னஸ்ட குரலே கேட்ட மாதிரி இருந்தது. நான் எழும்பி அவருக்குப் பக்கத்தில போய் நிண்டன். எனக்குத் தெரிஞ்ச சொல்லு வாயில வந்தது.

"போலே சானா" எண்டன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். என்ட நீலச் சட்டையைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு தன்ட பாசையில மழை மாதிரிக் கொட்டத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்குத் தெரிஞ்சது பத்துச் சொல்லு கூட இல்லை. தெரியாது, தெரியாது எண்டு அரபியில சொன்னன். அவர் உடன அரபிக்கு மாறிட்டார். வளைகுடாக் கப்பல்களில கனகாலம் வேலை செய்த மனுசனாம். பேர் ஜுமா. மொம்பாசா.

"உனக்கு இந்தச் சொல்லை ஆர் சொல்லித் தந்தது?" எண்டு கேட்டார்.

"ஆக்னஸ். கிலிபியில இருந்து வந்தவ" எண்டன்.

"கிலிபியா? என்ட மனுசிட ஊர் அந்தப் பாலத்துக்கு அங்கால."

பசீலா ஓடிவந்து என்னைப் பிடிச்சா. நான் விழப்போறன் எண்டு நினைச்சவவாம்.

வேலை முடிய நான், ஆக்னஸிட்ட வாங்கி என்ட போனில வைச்சிருந்த அந்தப் படத்தை ஜுமாவுக்குக் காட்டினன். மரம், பிள்ளைகள், நீலக் கதவு. கனநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இந்த மரம் எங்கட பக்கம் ஆயிரம் நிக்குது, இப்பிடிக் கோயிலும் கனக்க இருக்கு, இந்தப் பிள்ளைகளைத் தெரியாது எண்டார். நான் வெளியில வந்து, ஆஸ்பத்திரி வாசலில, ரோட்டில திரியிற எங்கட ஊர் மான்கள் மேய்ஞ்சுகொண்டு நிக்கிற இடத்தில நிண்டு அழுதன். இவ்வளவு கிட்டக் கொண்டுவந்திட்டு ஏன் ஆண்டவரே எண்டு கேட்டன்.

ஆனா ஜுமா அந்தப் படத்தைத் தன்ட மனுசிக்கு அனுப்பிப்போட்டார். அவ தன்ட சொந்தக்காரருக்கு அனுப்பினா. நாள் போகுது, ஒரு பதிலும் இல்லை. அதுக்குள்ள எங்களுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். பசீலா கிண்ணியாவில இருந்து அவருக்குச் சோறு கறி கட்டிக்கொண்டு வருவா. அவர் முஸ்லிம் எண்டு அறிஞ்ச நாளில இருந்து அவர் அவட விருந்தாளி. மீன் குழம்பை வாயில வைச்சிட்டு, தேங்காய்ப்பால், எங்கட வீட்டுக் கறி மாதிரியே இருக்கு எண்டு சொன்னார். பிள்ளைகளின்ட பேரைக் கேட்ட பசீலா, "பராக்கா எண்டா எங்கட பரக்கத்தல்லோ? அதெல்லாம் கிடைக்கும், நீ யோசிக்காத" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா. அவவும் தன்ட தொழுகையில எனக்காகக் கேட்டவ. அதை நான் இந்தச் சபையில சொல்லத்தான் வேணும்.

பிறகு கப்பல் ஏஜன்சிக்காரர் வந்து ஜுமாவை ஊருக்கு அனுப்ப ஒழுங்கு செய்தினம். போறதுக்கு முதல் நாள் நான் அவரிட்டச் சொன்னன், "அண்ணன், உங்களுக்குக் கால் ஏலாது. நீங்கள் கஸ்டப்பட்டுத் தேடவேண்டாம். தற்செயலாக் காதில விழுந்தாச் சொல்லுங்கோ" எண்டு. அரபியில கதைக்கேக்கயும் அண்ணன் எண்டுதான் கூப்பிட்டன்.

"நான் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தனான்" எண்டார் அவர். "நீ என்ட அம்மாட பாசையில என்னைக் கூப்பிட்டாய். நான் தேடுவன்."

போயிட்டார். அதுக்குப் பிறகு கன கிழமை ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பவும் பழைய மாதிரி ஆயிட்டன். எல்லாம் அவ்வளவுதான், பாவம் மனுசன், அவருக்கும் குடும்பம் இருக்கு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். எண்டாலும் செபத்தை விடேல்லை. அபியும் என்னோட சேர்ந்து சொல்லுவா. அவவுக்கு அந்த மூண்டு பிள்ளைகளின்ட பேரும் மனப்பாடம்.

ஒரு நாள் பின்னேரம் வேலையால வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாக்கெற்றில மரக்கறி வாங்கிக்கொண்டு நிக்கிறன். போன் அடிக்குது. வீடியோ. எடுத்தா ஜுமாட முகம். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். சிரிப்பு. பிறகு போனைத் திருப்பினார். ஒரு பொம்பிளைப் பிள்ளை. உயரம். ஆக்னஸ்ட நெத்தி, ஆக்னஸ்ட கண். நான் ஆக்னஸ் எண்டே கூப்பிட்டிட்டன். அந்தப் பிள்ளை சிரிக்கேல்லை. என்னை ஆர் எண்டு பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிண்டுது.

நடந்தது இதுதான். ஜுமா காலை இழுத்து இழுத்து, மனுசியோட கிலிபிப் பக்கம் பஸ்ஸில ஏறி இறங்கித் திரிஞ்சிருக்கிறார். ஒரு பஸ் டிரைவர் படத்தைப் பார்த்திட்டு, மரத்தையும் இல்லை, கோயிலையும் இல்லை, பொடியன்ட பள்ளிக்கூடச் சட்டை நிறத்தைப் பார்த்துத்தான் இது இன்ன பள்ளிக்கூடம் எண்டு சொல்லியிருக்கிறார். அங்க போனா, ஒரு ரீச்சருக்குப் பிள்ளைகளைத் தெரியும். ஆக்னஸ்ட அக்கா வருத்தம் வந்து படுக்கையில விழுந்திட்டா. போனையும் வித்து மருந்து எடுத்திருக்கினம். வளர்க்க ஏலாமப் பிள்ளைகளைப் பிரிச்சு விட்டிட்டினம். பராக்கா பள்ளிக்கூடத்தை விட்டிட்டு, சொந்தக்காரர் ஒருத்தர்ட ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்டவன். சவாடியை அந்த ரீச்சர் தன்ட வீட்டில வைச்சிருந்தா. நேமா மொம்பாசாவில ஒரு ஏஜென்ட்ட வீட்டில. பதினாறு வயசுப் பிள்ளைக்கு வயசைக் கூட்டிப் பாஸ்போட் எடுத்து, வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்போறாங்கள். அடுத்த கிழமை பிளேன். ஜுமாட மனுசியும் அந்த ரீச்சரும் ஊர்த் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் நிண்டு, பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டி வந்திருக்கினம்.

நான் தக்காளியையும் கத்தரிக்காயையும் அங்கயே விட்டிட்டு வீட்ட ஓடினன். பாஸ்டர்ட மனுசியையும் வரச்சொல்லித் திரும்ப எடுத்தம். நேமா இங்கிலீசில கதைப்பா, பாஸ்டர்ட மனுசி எனக்குத் தமிழில சொல்லுவா. நான் உன்ட அம்மாட தோழி எண்டு சொன்னன். உன்ட அம்மா என்னைக் காப்பாத்தின கதையைச் சொன்னன். நேமா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு அவ சொன்னதை பாஸ்டர்ட மனுசி எனக்குச் சொல்லத் தயங்கினா. சொல்லுங்கோ எண்டன்.

"அந்தப் பிளேன்தான் என்ட தம்பிக்கும் தங்கச்சிக்கும் சாப்பாடு. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை அதில போகவிடாமச் செய்திட்டீங்கள். இனி அவைக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது? நீங்களா?"

ரவி கதிரையில இருந்து என்னைப் பார்த்தார். அடுத்த மாசத்து அரிசிக்கே நாங்கள் யோசிக்கிற ஆக்கள். எனக்கு எப்பிடித் துணிவு வந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைட கேள்வி நியாயமானது. அதுக்கு, செபிக்கிறம் எண்டு சொல்லி விட ஏலாது.

"ஓம், நாங்கள்" எண்டன்.

பாஸ்டர்ட மனுசி என்ட முகத்தைப் பார்த்திட்டு அதை இங்கிலீசில சொன்னா. நேமா போனைக் கிட்டக் கொண்டுவந்து எங்களைப் பார்த்தா. பிறகுதான் அழத் தொடங்கினா. தாய் செத்த பிறகு அவ அழுததைத் தான் காணேல்லை எண்டு அந்த ஊர் ரீச்சர் பிறகு சொன்னா.

போனை வைச்ச பிறகு ரவி சொன்னார், "நீ ஓம் எண்டிட்டாய். இனி எப்பிடிச் செய்யிறது எண்டு பார்ப்பம்." ஏசேல்லை. அடுத்த நாள் கடலால வந்த மனுசன், தன்ட பங்கு மீனில ஒரு பகுதியைத் தனியா வைச்சு, இது அந்தப் பிள்ளைகளுக்கு எண்டார். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, ஆண்டவர் என்ட வாயை மட்டும் இல்லை, எங்கட வீட்டையே திறந்திருக்கிறார் எண்டு.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆராதனை முடிய நாங்கள் விக்கிற சோத்துப் பார்சலை வாங்கிறது நீங்கள்தானே. இடியப்பம் பிழியிற அக்காமார், மீன் தாற நிலாவெளி ஆக்கள், பெருநாளுக்கு எண்டு இல்லாம மாசாமாசம் வட்டிலாப்பம் செய்து அனுப்பிற பசீலா. இப்பிடிக் காசு சேருது. அதைச் சபை அக்கா ஒருத்தரிட்டக் குடுப்பம், அவட மகன் லண்டனில இருந்து அவ்வளவு காசைக் கிலிபிக்கு ஒழுங்கா அனுப்பிறார். நான் பயந்த மாதிரி ஒரு மாசமும் காசு குறையேல்லை.

மூண்டு பிள்ளைகளும் இப்ப அந்த ரீச்சர்ட வீட்டில, ஒரு கூரைக்குக் கீழ. பெரியம்மாவைப் போய்ப் பார்க்குதுகள், அவவுக்கும் இப்ப கொஞ்சம் சுகம். பராக்கா திரும்பப் பள்ளிக்கூடம் போறான். கணக்குப் பிடிக்காதாம், பந்துதான் பிடிக்குமாம். சவாடிக்கு முன்பல்லு விழுந்திட்டுது, போன வீடியோவில அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தா. அவவும் அபியும் ஒருதர்ட பாசை ஒருதருக்குத் தெரியாம அரை மணித்தியாலம் சிரிப்பினம். நேமா சோதினைக்குப் படிக்கிறா. எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுப்பா. என்னை அம்மா எண்டு கூப்பிடேல்லை. கூப்பிடவும் வேண்டாம். அவவுக்கு அம்மா இருந்தவ. என்னைச் சித்தி எண்டு கூப்பிடச் சொல்லிக் குடுத்திருக்கிறன். "சீத்தி" எண்டு இழுப்பா. எனக்கு அது போதும்.

நான் ஆண்டவரிட்டக் கேட்டது ஒரு செய்தி. அவர் தந்தது மூண்டு பிள்ளைகள். இப்ப நான் படுத்தா நித்திரை வருது. சாப்பிட்டாச் சோறு இறங்குது. முந்தி நான் செபிக்கேக்க என்ட வீடு, என்ட வள்ளம், என்ட பிள்ளை எண்டுதான் செபிப்பன். இப்ப ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலைக் கடந்து போகேக்க, இந்த மனுசனுக்கு ஆர் இருக்கினம் எண்டு பார்க்காமப் போக ஏலாமல் இருக்கு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற ஆக்களோட ஒரு சொல்லாவது கதைச்சிட்டுத்தான் அங்கால போவன்.

ஜுமா அண்ணனுக்கும் அவர்ட மனுசிக்கும், அந்த ஊர் ரீச்சருக்கும், பசீலாவுக்கும் நான் நன்றி சொல்லிறன். இவையளை ஒருதரோட ஒருதர் முடிஞ்சு விட்டவருக்கு நான் என்னத்தைச் சொல்லி நன்றி சொல்லுவன். உயிருள்ள மட்டும் செய்துதான் சொல்லவேணும்.

உங்களிட்ட ஒண்டே ஒண்டு கேட்டிட்டு இருந்திடுறன். இந்தச் சபையில எத்தினை பேர் வெளிநாட்டில வேலை செய்திட்டு வந்தனீங்கள். உங்களோட ஒரே அறையில படுத்தவை, உங்கட வருத்தத்துக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவை, உங்கட கண்ணீரைக் கண்டவை இருப்பினம். இந்தோனேசியா, எதியோப்பியா, பிலிப்பைன்ஸ் எண்டு. அவையள் இப்ப எங்க? அவையளின்ட பிள்ளைகள் என்ன செய்யுதுகள்? எங்கட கைக்கு எட்டாத தூரம் எண்டு நினைச்சு விட்டிடாதேங்கோ. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். போன கிழமை எங்கட ஜெயந்தி அக்கா, ஜோர்தானில தன்னோட இருந்த ஒரு பொம்பிளைட மகளைத் தேடத் தொடங்கியிருக்கிறா.

இண்டைக்கு வீட்ட போன உடன, உங்களிட்ட இருக்கிற அவையளின்ட பழைய இலக்கத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. எடுபடாட்டி செபியுங்கோ. செபிச்சுப்போட்டு, திரும்பவும் எடுங்கோ.